சர்வதேசத் தலையசைப்பு

நாளைக்குத் தேர்வு, இன்றைக்கு ஒத்திகை. ஒத்திகைக்கு நெவேனாவுடன் வரவேண்டியவன் ஸ்தானிமிர். இருவரும் ஒரே பள்ளியில் விமானம் ஓட்டக் கற்றவர்கள். போன வாரம் நெவேனாவின் தாய்மாமா கேப்டன் வெலிஸார் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு யாருக்கோ போன் போட்டு, நீ வரவேண்டியதில்லை தம்பி, பெரியவர்கள் பார்த்துக்கொள்வோம் என்று சொன்னது வாசகர்களுக்கு நினைவிருக்கும். அந்த யாரோ, ஸ்தானிமிர்தான்.

நெவேனாவுக்கே அது இன்று காலைதான் தெரிந்தது. 'ஒருத்தனை இவ்வளவு மரியாதையாகக் கழற்றிவிட முடியும் என்று உன் மாமாவிடம் கற்றுக்கொண்டேன், வாழ்த்துகள்' என்று அவனிடமிருந்து செய்தி வந்திருந்தது.

அவள் போனைச் சுவரில் எறியவில்லை. முகம் கழுவினாள், தலையை இழுத்துக் கட்டினாள், சமையலறைக்குப் போனாள்.

நெவேனாவுக்கு முப்பத்தொன்று முடிந்துவிட்டது. கையில் பெரிய விமானம் ஓட்டும் உரிமம் இருக்கிறது. ஓட்டுவது என்னவோ டான்யூப் கரையோரச் சதுப்புகளுக்கு மேலே கொசு மருந்து அடிக்கும் ஒற்றை இருக்கை விமானம். நான்கு கோடைகாலமாக அதுதான் அவள் உலகம். பக்கத்தில் ஆள் கிடையாது, பேச வாய்ப்பும் கிடையாது. ஏதாவது கேள்வி எழுந்தால் தனக்குத்தானே தலையாட்டிக்கொள்வாள். வரும் கோடையிலிருந்து கொசுவுக்கு ட்ரோனே போதும் என்று நகராட்சி முடிவு செய்துவிட்டது. அந்த நேரத்தில்தான் ஒரு பயணிகள் விமான நிறுவனம் அவளைக் கூப்பிட்டது. எழுத்துத் தேர்வு தாண்டியாயிற்று, நேர்காணல் தாண்டியாயிற்று. மிச்சம் இருப்பது, தரையில் நின்றபடியே பறக்கவைத்துப் பார்க்கும் சிமுலேட்டர் மட்டும். அதில் தோற்றவர்களை அந்த நிறுவனம் மறுபடி கூப்பிட்டதாகச் சரித்திரமில்லை.

சமையலறையில் அம்மா ஸ்வெத்கா பாலாடைக்கட்டி வைத்த பனித்ஸா சுட்டுக்கொண்டிருந்தாள். சிலிஸ்த்ராவிலிருந்து பஸ்ஸில் வரும்போது மகளுக்குத் துணையாக வருவதாகத்தான் சொன்னாள். அண்ணன் வீட்டில் வந்து இறங்கியதிலிருந்து அவருக்குச் சமைத்துப் போடுவதிலேயே நேரம் போய்விட்டது.

அண்ணனைப் பற்றிச் சொல்லவேண்டும். கேப்டன் வெலிஸார் ஓய்வு பெற்று ஆறு வருடமாகிறது. கேப்டன் என்ற சொல் மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை. அந்த அடுக்ககத்தின் வாசல் மணிப் பலகையில் மற்ற வீட்டுக்காரர்களுக்கெல்லாம் குடும்பப் பெயர் மட்டும் ஒட்டியிருக்கும். இவருடைய மணிக்குப் பக்கத்தில் 'கேப்டன்' என்பதே பாதி இடத்தைப் பிடித்துக்கொண்டதால் குடும்பப் பெயரின் கடைசி எழுத்துகள் வெளியே நிற்கின்றன. தபால்காரருக்குச் சிரமமில்லை. அந்தக் கட்டடத்தில் வேறு கேப்டன் இல்லை.

பணிக்காலத்தின் பின்பாதியில் அவர் வளைகுடாவில் ஓட்டினார். அங்கிருந்து கொண்டுவந்தவற்றில் கம்பளமும் காபிப் பாத்திரமும் வீட்டுக்குப் பழகிவிட்டன. பழகாதது அவருடைய தலையசைப்பு ஒன்றுதான்.

பல்கேரியாவில் பிறந்த எவரையும்போல அவரும், ஆமென்றால் தலையை இடமும் வலமும் ஆட்டியும் இல்லையென்றால் மேலும் கீழும் அசைத்தும்தான் வளர்ந்தார். வெளிநாட்டுத் துணை விமானிகள் அதை அப்படியே தலைகீழாகப் புரிந்துகொண்டார்கள். ஆகவே மாற்றிக்கொண்டார். அதில் தப்பில்லை. ஊர் திரும்பிய பிறகு பழையபடி மாறியிருக்கலாம், அல்லது புதியதையே பிடித்துக்கொண்டிருக்கலாம். அவர் இரண்டையும் வைத்துக்கொண்டார். பெருமையாக இருக்கும் நேரத்தில் சர்வதேச முறை, பசியாக இருக்கும் நேரத்தில் உள்ளூர் முறை.

எது எப்போது என்று கண்டுபிடிக்கும் பொறுப்பு குடும்பத்தின் தலையில் விழுந்தது. கடைசியில் ஸ்வெத்காதான் ஒரு வழி கண்டாள். அண்ணன் காலில் ஷூ இருந்தால் சர்வதேசம். வீட்டுச் செருப்பு இருந்தால் உள்ளூர். அதிலிருந்து குடும்பத்தில் எல்லோரும் அவரிடம் ஒரு கேள்வி கேட்டுவிட்டுத் தரையைப் பார்ப்பார்கள். அதை அவர் மரியாதை என்று எடுத்துக்கொண்டார்.

இன்று காலை அவர் தோளில் நான்கு தங்கப் பட்டைகள் வைத்த வெள்ளைச் சட்டையில் வந்து உட்கார்ந்தார். கீழே வீட்டுச் செருப்பு. இன்னொரு துண்டு வைக்கட்டுமா என்று ஸ்வெத்கா கேட்டாள். அவர் மேலும் கீழும் அசைத்தார். அவள் சட்டையைப் பார்த்தாள், செருப்பைப் பார்த்தாள், செருப்பின் பக்கம் தீர்ப்புச் சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போனாள். கையில் டிக்கெட்டை வைத்துக்கொண்டு, புறப்பட்டுப் போகிற விமானத்தைப் பார்ப்பவரைப்போல அவர் அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நெவேனா எதிரே உட்கார்ந்தாள். ஸ்தானிமிரை ஏன் வரவேண்டாமென்று சொன்னார் என்று கேட்டாள்.

தெரியாத பையன்களோடு ஒத்திகை பார்த்துப் பலனில்லை, பக்கத்தில் நிஜமான கேப்டன் உட்காரவேண்டும் என்றார் அவர். இன்று கேப்டனுக்குரிய இடது இருக்கையில் தானே உட்காரப்போவதாகவும் அறிவித்தார். நிறுவனம் அனுப்பிய குறிப்பில், விமானத்தை ஓட்டும் திறமையைப் போலவே இரண்டு விமானிகளும் ஒருவரோடொருவர் பேசி வேலை செய்வதையும் கவனிப்போம் என்று எழுதியிருந்ததை அவள் எடுத்துச் சொன்னாள். ஸ்தானிமிர் ஓயாமல் பேசுகிறவன். அதற்காகவே அவனைப் பிடித்து வைத்திருந்தாள்.

"அதெல்லாம் இப்ப வந்த ஃபேஷன்" என்றார் கேப்டன். "எங்க காலத்துல துணை விமானிக்கு ரெண்டே வேலை. வானிலை என்னன்னு கேட்டு எழுதணும். கேப்டன் காபியில சர்க்கரை எவ்வளவுன்னு ஞாபகம் வெச்சுக்கணும்."

"உங்களுக்கு எவ்வளவு மாமா?"

"நான் சர்க்கரை போட்டுக்கறதில்ல."

"அப்ப ஒரே வேலைதான்."

ஸ்வெத்கா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். சிரித்தாளா என்பது முதுகிலிருந்து தெரியவில்லை. பிறகு திரும்பி மகளைத்தான் கண்டித்தாள். மாமா மாதிரி ஒருத்தர் கிடைக்காமல் எத்தனை பிள்ளைகள் அலைகின்றன என்று கேட்டாள். நெவேனாவுக்கு இருந்தது இரண்டே வழி. கிடைத்த ஆளை வைத்துக்கொண்டு ஒத்திகை பார்ப்பது, அல்லது ஒத்திகையே இல்லாமல் நாளைக்குப் போவது. அவள் கார் சாவியை எடுத்து மாமாவின் பக்கம் தள்ளினாள்.

*

சிமுலேட்டர் இருக்குமிடம் விமான நிலையத்தின் பின்புறம், பழைய கிடங்கு ஒன்றில். வெளியிலிருந்து பார்த்தால் கால் முளைத்த வெள்ளைப் பெட்டி. உள்ளே நுழைந்துவிட்டால் அச்சு அசல் விமானி அறை.

பயிற்றுநர் யாஸென் நாற்பது வயதுக்காரர். எதற்கும் அவசரப்படாத மனிதர். அவரிடம் கேப்டன் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்ட நேரத்தில் ஒரு விமானத்தைத் தரையிறக்கிப் பயணிகளையும் இறக்கிவிட்டிருக்கலாம். யாஸென் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். தோள் பட்டைகளைப் பார்த்தார். இங்கே குளிரூட்டி அதிகம், மேலே ஸ்வெட்டர் போட்டுக்கொள்வது நல்லது என்றார். கேப்டன் பட்டைகளை மறைக்கச் சம்மதிக்கவில்லை.

முதல் சுற்றில் நெவேனா ஓட்டினாள். தரையிலிருந்து எழும்பினாள், செங்குத்தாகத் திரும்பினாள், மேகத்துக்குள் புகுந்து கருவிகளை மட்டும் பார்த்து இறங்கினாள். கொசுவுக்குப் பின்னால் மரமட்டத்தில் பறந்த கை அது. யாஸென் பின்னாலிருந்து நல்லது என்று மட்டும் சொன்னார். ஆனால் ஓட்டும்போது வாயைத் திறப்பதே இல்லையே, மனதுக்குள் யாரோடு பேசிக்கொண்டிருக்கிறாய் என்றும் கேட்டார். நாளைக்கு உன் பின்னால் உட்காருகிறவருக்குத் தெரியப்போவது உன் பின்னந்தலை மட்டும்தான் என்றார்.

அடுத்த சுற்றில் கேப்டன் ஓட்டுவது, அவள் துணை விமானியாகக் கவனிப்பது. அதற்கு முன்பு கேப்டன் குனிந்து ஷூவைக் கழற்றினார். மிதிகளைப் பாதம் நேரடியாக உணரவேண்டும், பெரிய கேப்டன்கள் எல்லாம் அப்படித்தான் என்றார். புது ஷூ கடிக்கிறது என்பதை அவர் சொல்லவில்லை. ஷூ சொல்லிற்று, கழற்றும்போது சின்னதாக ஒரு முனகல் கேட்டது.

ஓடுபாதை திரையில் நீண்டது. விமானம் ஓடியது, மூக்கை உயர்த்தியது, எழும்பியது. அந்தக் கணத்தில் யாஸென் பின்னாலிருந்து ஒரு பொத்தானை அழுத்த, இடது இன்ஜின் செத்தது. பெட்டி முழுவதும் ஒருபக்கமாக இழுத்தது.

ஒற்றை இன்ஜினோடு ஏறுகிற விமானத்துக்குத் தொங்குகிற சக்கரம் பெரும் பாரம். உடனே உள்ளே இழுத்துக்கொள்ளவேண்டும். அதற்கான நெம்புகோல் நெவேனாவின் பக்கத்தில் இருந்தது. ஓட்டுபவர் வாயால் சொன்னபிறகுதான் அதைத் தொடவேண்டும் என்பது விதி.

"ஏறுது. சக்கரம் மேல எடுக்கவா?" என்றாள்.

கேப்டன் தலையை மேலும் கீழும் அசைத்தார்.

அவள் நெம்புகோலில் கை வைத்தாள். வைத்த கை நின்றது. எத்தனை வருடப் பழக்கம். அவளையும் அறியாமல் குனிந்து, கருவிப் பலகைக்குக் கீழே, மாமாவின் காலைப் பார்த்தாள்.

காலில் ஷூவும் இல்லை, செருப்பும் இல்லை. சாம்பல் நிறக் காலுறை மட்டும் இருந்தது.

காலுறையோடு இருக்கும்போது எந்த முறை என்று குடும்பத்தில் யாரும் தீர்மானித்திருக்கவில்லை.

அவள் நிமிர்ந்தபோது வேகம் குறைந்துகொண்டிருந்தது. வேகமுள் இறங்குவதை அவள் பார்த்தாள். மாமா மூக்கைக் கீழே இறக்காமல் மேலே இழுப்பதையும் பார்த்தாள். மாமாவுக்குத் தெரியாததா என்று ஒரு நினைப்பு ஓடியது. மறுபடி அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் மறுபடி அசைத்தார், இம்முறை கோபமாக. ஊரை ஒட்டி நிற்கும் வித்தோஷா மலை ஜன்னல் முழுவதையும் நிறைத்துக்கொண்டு வந்தது. பெட்டி ஒருமுறை குலுங்கியது. திரை உறைந்தது.



"மலைக்கு வந்தாச்சு" என்றார் யாஸென். "பனிச்சறுக்குப் பலகை யாராவது கொண்டுவந்திருக்கீங்களா?"

தான் தெளிவாகக் கட்டளை கொடுத்ததாகவும் துணை விமானி அதை நிறைவேற்றவில்லை என்றும் கேப்டன் சொன்னார். எப்படிக் கொடுத்தீர்கள், எனக்கு ஒன்றும் காதில் விழவில்லையே என்று யாஸென் கேட்டார்.

"தலையால."

"எந்தத் தலையால சார்? நம்மூர்த் தலையா, வெளியூர்த் தலையா?"

கேப்டன் தோள் பட்டையைச் சரிசெய்துகொண்டார். யாஸென் நெவேனாவின் பக்கம் திரும்பி, நீ கீழே குனிந்து எதைத் தேடினாய் என்றார். பொய் சொல்ல அவகாசமிருந்தது. அவள் சொல்லவில்லை.

"அவரு கால்ல என்ன போட்டிருக்காருன்னு பாத்தேன்."

யாஸெனுக்குப் புரிய சற்று நேரமாயிற்று. புரிந்தபோதும் அவர் சிரிக்கவில்லை. வேகம் குறைந்ததைப் பார்த்தாயா என்று கேட்டார். அவள் தலையை இடமும் வலமும் ஆட்டினாள்.

"வாயால."

"பாத்தேன்."

"ஏன் சொல்லல?"

அவள் இடது இருக்கையைப் பார்த்தாள். தங்கப் பட்டைகள் நேராக இருந்தன. அதற்கு மேலிருந்த முகம் ஜன்னலில் உறைந்திருந்த மலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"எங்க வீட்ல இவரு பேச்சுல யாரும் குறுக்க வந்ததில்ல" என்றாள்.

"வீட்ல சரி. இங்க மலை குறுக்க வருதே" என்றார் யாஸென். நாளைக்கு இப்படி வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தால், நீ எவ்வளவு அழகாக ஓட்டினாலும் அனுப்பிவிடுவார்கள், நானாக இருந்தாலும் அனுப்பிவிடுவேன் என்றும் சொன்னார். அதை அவர் கடுமையாகச் சொல்லவில்லை. வானிலை அறிக்கை வாசிப்பதைப்போலச் சொன்னார். அதனால்தான் அது அவளுக்குள் இறங்கியது.

கேப்டன் எழுந்திருக்கப் பார்த்தார். இன்றைக்கு இது போதும், பெண் களைத்துவிட்டாள் என்றார். களைத்துப்போனவள் இருக்கைப் பட்டையை இன்னும் ஒரு பிடி இறுக்கினாள். இன்னொரு முறை வேண்டும் என்றாள். இதே மாமா, இதே இடது இருக்கை. மேகத்துக்குள் இறங்குகிற பாடம் வைக்கச் சொன்னாள்.

தொடங்குவதற்கு முன்னால் அவள் மாமாவின் பக்கம் முழுதாகத் திரும்பினாள். "மாமா, நீங்க தலையை எந்தப் பக்கம் ஆட்டினாலும் நான் எதையும் தொடமாட்டேன். வாயால சொன்னாத்தான் செய்வேன்."

"கேப்டனுக்கே கட்டளை போடறியா?"

"ஆமா" என்றாள். தலை ஆடவில்லை.

இரண்டாவது முறை விமானம் மேகத்துக்குள் இறங்கியது. ஜன்னலில் பால்போல வெள்ளை. ஓடுபாதை தெரியாவிட்டால் ஒரு குறிப்பிட்ட உயரத்துக்குக் கீழே போகாமல் மறுபடி மேலே ஏறிவிடவேண்டும். நெவேனா உயரத்தைச் சொல்லிக்கொண்டே வந்தாள். முதலில் அவள் குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. வேகம் அதிகம் என்றாள்; கேப்டன் குறைத்தார். இடது பக்கம் விலகுகிறோம் என்றாள்; சரிசெய்தார், முணுமுணுத்தபடி. மனிதர் ஓட்டத் தெரியாதவர் அல்ல. வருடக்கணக்கில் யாரும் அவரிடம் எதையும் சொல்லாததால் கேட்கத்தான் மறந்திருந்தார்.

எல்லை உயரம் வந்தது. வெள்ளை விலகவில்லை.

"ஓடுபாதை தெரியல. மேல ஏறணும்" என்றாள்.

தெரிந்துவிடும் என்றார் அவர்.

"தெரியல மாமா. மேல ஏறுங்க."

விமானம் இறங்கிக்கொண்டே இருந்தது. கருவி தன் எந்திரக் குரலில் தரை தரை என்று கத்தத் தொடங்கியது. அந்த விமானத்தில் இரண்டு கைப்பிடிகளும் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டவை. அவள் தன்னுடையதைப் பிடித்தபோது அந்தப் பக்கத்திலிருந்து மாமாவின் பிடியின் கனம் அவள் உள்ளங்கைக்கு வந்தது.

"கன்ட்ரோல் என்கிட்ட" என்றாள்.

கனம் குறையவில்லை.

"விடுங்க மாமா."

குறையவில்லை.

"விடு."

அந்த ஒரு சொல்லில் மாமாவும் இல்லை, கேப்டனும் இல்லை, முப்பத்தொரு வருடக் குடும்ப வழக்கமும் இல்லை. வெலிஸாரின் கைகள் கைப்பிடியிலிருந்து கழன்று மடியில் விழுந்தன. அவள் இன்ஜின்களை முழு வலுவுக்குத் தள்ளி, மூக்கை உயர்த்தினாள். பெட்டி முதுகைப் பிடித்துத் தள்ளியது. சக்கரத்தை மேலே எடுக்கச் சொன்னாள், வாயால். பக்கத்திலிருந்து, வாயால், எடுத்தாயிற்று என்று பதில் வந்தது.

மேகம் கிழிந்து நீலம் தெரிந்தபோது யாஸென் பின்னாலிருந்து சொன்னார்: "இப்ப உன் குரல் எனக்குக் கேட்டுது."

*

திரும்பும்போதும் வெலிஸார்தான் காரை ஓட்டினார். நெவேனா மன்னிப்புக் கேட்பதா என்று யோசித்தாள். கேட்கத் தோன்றவில்லை. கேட்கத் தோன்றாதது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

வெலிஸார் பெட்ரோல் பங்க் ஒன்றில் வண்டியை ஓரங்கட்டினார். பெட்ரோல் போடவில்லை. இன்ஜினை அணைத்துவிட்டு, கண்ணாடி வழியே கார் கழுவும் இயந்திரத்தைப் பார்த்தபடி பேசினார்.

தான் ஓய்வு பெறவில்லை என்றார். வயது வரம்புக்கு இன்னும் காலம் இருந்தது. வளைகுடாவில் ஆறு மாதத்துக்கொருமுறை நடக்கும் சிமுலேட்டர் சோதனையில் தோற்றார். இன்று போலவே மேகம், இன்று போலவே தெரிந்துவிடும் என்ற நம்பிக்கை. மறுவாய்ப்பு கொடுத்தார்கள், அதிலும் விழுந்தார். ஊருக்கு வந்து, ஓய்வு பெற்றுவிட்டதாகச் சொல்லிக் கேக் வெட்டினார். அந்தக் கேக்கைத் தானே வாங்கினார்.

"அன்னிக்கு என் பக்கத்துல உட்கார்ந்திருந்தவனும் பாத்துக்கிட்டேதான் இருந்தான். ஒரு வார்த்தை சொல்லல" என்றார். "எனக்குப் பயந்துக்கிட்டு. நீ அந்த 'விடு'ங்கறதைச் சொன்னப்ப நான் அவனைத்தான் நெனச்சேன்."



மிச்சத்தைச் சொல்ல அவருக்கு இன்னும் நேரம் பிடித்தது. விழுந்ததை ஒப்புக்கொள்ள மனமில்லாமல், தப்பு முழுவதும் துணை விமானியுடையது என்று மேலிடத்தில் புகார் செய்திருக்கிறார். அவர் பேச்சை நம்பி, கேப்டனாக உயரவேண்டிய அந்த ஆளை இரண்டு வருடம் அதே இருக்கையில் உட்கார வைத்துவிட்டார்கள். அவனும் நம்மூர்க்காரன்தான், பிறகு கேப்டனாகி ஊருக்கே திரும்பிவிட்டான்.

"யாரு மாமா அது?"

"ரோஸென் மின்செவ்."

அந்தப் பெயர் நெவேனாவுக்குப் புதிதல்ல. நிறுவனத்திலிருந்து வந்த மெயிலில், நாளைய தேர்வை நடத்தப்போகிறவர் என்ற இடத்தில் அதுதான் இருந்தது.

அந்த மெயிலைப் பார்த்ததிலிருந்து தூக்கமில்லை என்றார் வெலிஸார். ஸ்தானிமிரை வேண்டாமென்றதும் அதனால்தான். நம்மால் அவளுக்கு வரப்போகிற கெடுதலை நாமே உட்கார்ந்து சரிசெய்துவிடலாம் என்று நினைத்தாராம். வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டால் தைரியம் வரும் என்றும் நினைத்தாராம். இதைச் சொல்லும்போது அவர் குரலில் கேப்டன் இல்லை.

பிறகு யோசனை சொல்லத் தொடங்கினார். சொல்லத் தொடங்கியதும் கேப்டன் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தார். அவள் அப்பாவின் குடும்பப் பெயர் வேறு, தன்னுடையது வேறு. யாருடைய தங்கை மகள் என்று அந்த மின்செவுக்குத் தெரியவே தெரியாது. நாளைக்கு வாயைத் திறக்காமல் இருந்தால் போதும்.

"வாயைத் திறக்காம இருக்கறதுக்கா இன்னிக்கு இவ்வளவு பாடு?" என்றாள் நெவேனா.

தானே முதலில் போய்ச் சொல்லிவிடப்போவதாகச் சொன்னாள். இன்னாருடைய தங்கை மகள் நான். தேர்வை அவரே நடத்துவதா, வேறு ஒருவர் நடத்துவதா என்று அவரே முடிவு செய்யட்டும். சிமுலேட்டருக்குள் எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்கிறவள், வாசலில் இதை விழுங்கிவிட்டு உள்ளே போனால், பக்கத்திலிருப்பவர் செய்கிற ஒவ்வொரு தப்புக்கும் இதுவே தொண்டையில் வந்து நிற்கும் என்றாள். வெலிஸார் வாதாடிப் பார்த்தார். உடம்பு சரியில்லை என்று சொல்லித் தேதி மாற்றிக் கேட்கலாம் என்றார். அதற்கு அவள் பதில் சொல்லும் முன் போன் அடித்தது.

ஸ்வெத்கா. குரலில் சந்தோஷம் வழிந்தது. நெவேனா ஒலிபெருக்கியில் போட்டாள்.

காலையில் இவர்கள் கிளம்பியதும் ஃபேஸ்புக்கில் ஒரு பதிவு போட்டாளாம் அம்மா. 'என் அண்ணன் கேப்டன் வெலிஸாரே நேரில் பயிற்சி கொடுத்த என் மகள் நாளை விமானத் தேர்வுக்குப் போகிறாள்' என்று. நிறுவனத்தின் பெயரையும் போட்டாளாம், அப்போதுதானே ஊருக்குத் தெரியும். சிலிஸ்த்ராவே வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருக்கிறதாம். பல் டாக்டர்கூட எழுதியிருக்கிறாராம்.

"இன்னும் ஒருத்தர் எழுதியிருக்காரு, நெவேனா. யாருன்னு எனக்குத் தெரியல. ரோஸென் மின்செவ்னு பேரு. படத்துல கேப்டன் தொப்பி போட்டிருக்காரு, அண்ணனோட சிநேகிதரோ என்னமோ. ரெண்டே வார்த்தைதான். 'நாளைக்குப் பார்க்கலாம்.' நல்ல மனுஷனா இருக்காரு, இல்ல?"

வெலிஸாரின் கை ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டது. நின்றிருந்த வண்டியின் ஸ்டியரிங்கை.

நன்றி என்று எழுதி ஒரு பூப்படமும் போடட்டுமா என்று அம்மா கேட்டாள்.

"வேண்டாம்மா. நானே பதில் போடறேன்."

அவள் அழைப்பைத் துண்டித்தாள். பதிவைத் திறந்தாள், பல் டாக்டரைத் தாண்டிக் கீழே போனாள், அந்தத் தொப்பி போட்ட முகத்துக்குக் கீழே விரலை வைத்தாள். எதுவும் எழுதாதே என்றார் மாமா, கெஞ்சலாக. அதை அவர் வாயால்தான் சொன்னார். அவளுக்குத் தெளிவாகவே கேட்டது.

நெவேனா தட்டினாள்: 'பார்க்கலாம், சார். உங்களிடம் நேரில் சொல்லவேண்டியது ஒன்றும் இருக்கிறது.'

அனுப்பினாள். போனைக் கவிழ்த்து மடியில் வைத்தாள்.

"வண்டியை எடுங்க மாமா" என்றாள். "போற வழியில அந்தச் சோதனையைப் பத்தி முதல்லேருந்து சொல்லுங்க. நீங்க என்ன தப்புப் பண்ணீங்கன்னு மட்டும்."